ஸ்டெப்னிக்கு ஒரு தாங்கி

என் மின்சார லோடு வண்டியில் ஸ்டெப்னி டயருக்கென்று இடம் கிடையாது. டயர் பின்னால் கிடந்து உருண்டு, விழுப்புரத்திலிருந்து நான் ஏற்றிப்போகும் நாற்றுகளை நசுக்கியது. அதற்கு ஒரு தாங்கி பொருத்த, திண்டிவனத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் வண்டியின் பின்தளத்தில் துளை போட வேண்டிய இடங்களைச் சாக்பீஸால் குறித்தார்.

"நீங்க போயி டீ குடிச்சிக்கினு வாங்கக்கா. அதுக்குள்ள முடிச்சிடறேன்."

என்னை அனுப்புவதிலேயே அவர் குறியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"பேட்டரி அடியிலதாண்ணா இருக்குது. கீழ பாத்தீங்களா?"

"எல்லா வண்டியும் ஒண்ணுதான்க்கா. பேஜாரு பண்ணாதீங்க."

டிரில்லைக் கையில் எடுத்துவிட்டார். நான் புடவையோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். "குறி போட்ட இடத்துல தட்டுங்க," என்றேன். சலித்துக்கொண்டே தட்டினார். ஒரு தட்டு, பேட்டரியிலிருந்து உயர் அழுத்த மின்சாரம் போகும் தடித்த ஆரஞ்சு நிற மின்கம்பிக்கு நேர் மேலே கேட்டது.

அவரையும் அடியில் படுக்கச் சொல்லிக் காட்டினேன். எழுந்தவர் முதலில் டிரில்லின் பிளக்கைப் பிடுங்கினார்.

"ரெண்டு பேரும் தப்பிச்சோம்க்கா."

பிறகு எங்கும் துளை போடாமல், கேபினுக்குப் பின்னாலிருந்த கம்பிச் சட்டத்தில் கிளாம்பு வைத்துத் தாங்கியை மாட்டினார். டயர் அசையவில்லை. ஆனாலும் திரும்பும் வழியில், மயிலம் தாண்டுவதற்குள் நான் வண்டியை ஓரங்கட்டி, மறுபடியும் அடியில் படுத்து அந்தக் கம்பியைப் பார்த்தேன்.