சத்தம் இல்லாத அரை மணி நேரம்

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சத்தம் நின்றால்தான் ஓடிவருவார்கள். நூல் அறுந்திருக்கும், அல்லது ஊசி உடைந்திருக்கும். எங்கள் முதலாளி நிட்டிங் மெஷினில் நின்று வேலை பார்த்து முன்னுக்கு வந்தவர். அன்று மத்தியானம் மாடியில் வகுப்புச் சத்தம் நின்றதும் அவர் வேகமாகப் படியேறி வந்தது அதனால்தான்.

மாடியில் நான் கட்டிங் மாஸ்டர். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எழுத்துத் தெரியாத தொழிலாளர்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் வகுப்பு நடத்த முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரைதான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. வேறு யாரும் முன்வராததால் பொறுப்பு என்னிடம் வந்தது.

எட்டு மாதத்தில் ஒன்பது பெண்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுவிட்டார்கள். ஆனால் ஒருத்தி வாய்விட்டுப் படித்துத் திணறினால் மற்றவர்கள் சிரித்தார்கள். செக்கிங்கில் இருந்த ருக்மணி, தன் முறை வரும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் நானும் அப்படி ஓடியவன்தான். அதனால் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கதைப் புத்தகங்கள் கொண்டுவந்து வைத்தேன். பிடித்ததை எடுத்து மனசுக்குள் படிக்கலாம். கேள்வி கிடையாது. நானும் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வேன்.

"ஏனுங்க மாஸ்டரு, வகுப்பு நடக்குதா, இல்ல எல்லாருக்கும் தூக்கமா?" என்றார், முதல் நாளே படியேறி வந்துவிட்ட முதலாளி.

"படிக்கிறாங்கங்க."

"சத்தத்தையே காணோம்! வாய்விட்டுப் படிச்சாத்தானுங்க படிப்பு? நாளையிலிருந்து கீழ எனக்குக் கேக்கோணும். இல்லீன்னா நிறுத்திக்கலாம்."

மறுநாள் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அது நான் செய்த தவறு. அதற்கடுத்த நாள் நாலு பேர்தான் வந்தார்கள். ருக்மணி கீழே செக்கிங் டேபிள் ஓரத்தில் தூக்குப்போசியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேண்டாங்கண்ணா. அந்தக் கதை பாதீல நிக்குது, அதொண்ணுதான் கொறை," என்றாள்.

அப்போதே ஆபீஸ் அறைக்குப் போனேன். பத்து வருஷத்தில், கூப்பிடாமல் நான் அதற்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

"சத்தம் வேண்டாங்க," என்றேன்.

"அப்புறம் படிக்கிறாங்கன்னு நான் எப்படீங்க தெரிஞ்சுக்கிறது?"

"நாளைக்கு மேல வந்து கூட உக்காருங்க. அரை மணி நேரம் பேசாம இருக்கோணும். அதுக்கப்புறமும் நிறுத்தோணும்னா நிறுத்துங்க."

வராதவர்களிடம் ஒவ்வொருவராகப் போய், இனி வாய்விட்டுப் படிக்க வேண்டியதில்லை என்று சொன்னேன். மறுநாள் முதலாளியும் வந்தார். பத்து நிமிடத்திலேயே நாற்காலியில் நெளிந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் பேசவில்லை. நேரம் முடிந்ததும் ருக்மணியிடம் கேட்டார்.

"ஏம்மா, என்ன படிச்சே?"

தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தாள். "அண்ணந்தம்பி ரண்டு பேருங்க. கெணத்துத் தண்ணிக்குச் சண்டை. தம்பிக்காரன் மோட்டார் ரூம்பப் பூட்டிப் போடறான். அண்ணங்காடு காயுது." குரல் ஏறியது. "அண்ணன் பொண்டாட்டி சும்மா இருப்பாளா? சாவியக் கேட்டு அவன் ஊட்டுக்கே போறாளுங்க!"

"அக்கா, மீதியச் சொல்லீராதே! அடுத்து அந்தப் புஸ்தகம் எனக்குத்தான்," என்று கத்தினாள் ஓவர்லாக் தையல் மெஷினில் வேலை செய்த சாந்தி.

"நீ சும்மா இரு. சாவி கெடைச்சுதா இல்லையா?" என்றார் முதலாளி.

"நானே இன்னும் அங்க வரலீங்க. நாளைக்கு மத்தியானம்தான் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். "அப்ப நாளைக்கே சொல்லு," என்று அவர் இறங்கிப் போனார். நிறுத்துகிற பேச்சு பிறகு வரவில்லை.

வகுப்பு நடத்த வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேலே இருப்பவருக்குச் சந்தேகம் வந்தால், அவரிடம் போய்ப் பேசுங்கள். படிப்பவர் மீது அதை இறக்காதீர்கள். நான் பயந்து வீணாக்கியது இரண்டே நாள்தான். ஆனால் ஒன்பதில் எட்டுப் பேர்தான் திரும்பி வந்தார்கள். ஒருத்தி வரவே இல்லை. அதன் பிறகு யார் சொல்லியும் அந்த அரை மணி நேரத்தை நான் மாற்றவில்லை.