தண்டோரா கேட்காத இருவர்

ஏரி மடையைத் திறக்குமுன் ஊரில் தண்டோரா போட வேண்டும் என்பது விதி. அதை நம்பித்தான், கோவில் கூட்டம் வேண்டாமென்ற தில்லி நண்பன் ராகவனை முசரவாக்கம் பக்கத்து ஏரிக்கு நாரை பார்க்க அழைத்துப் போனேன். மடைக்குக் கீழே, வறண்ட கால்வாய்க்குள் இறங்கி, கரை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

வயலில் களை எடுத்த பெண் கத்தினாள். "யோவ் பெருசு! மட தொறந்துக்கினு இருக்காங்க, மேல ஏறுபா!"

ராகவனுக்கு மூட்டுவலி, ஏற முடியவில்லை. தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது, அவளும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தோம்.

"என்னை விடுடா, கேமராவைப் பிடி! ஃபிலிம் நனையுது!" என்றான் அந்த மகானுபாவன்.

இப்போதெல்லாம் ஊராரைக் கேட்காமல் கால்வாயில் இறங்குவதில்லை.

தண்டோராவே கேட்கவில்லையென்று அதிகாரிக்குப் புகாரும் எழுதினேன். 'தண்டோரா ஊருக்குள் முறைப்படி போடப்பட்டது' என்ற பதில் மறுவருஷம் வந்தது, அதே ஏரிக்குத்தான் போக வேண்டுமென்று ராகவன் மறுபடி வந்து இறங்கிய அன்று.