பரீனா தளர்த்தாத விதி

"மிஸ், பரீனா மௌத்தாகிட்டா. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்." பரீனாவின் கணவர் தொலைபேசியில் சொன்னபோது, நான் உடப்பிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். பாலாவியில் இறங்கி, அவர் வீடு இருக்கும் கற்பிட்டிக்குப் பஸ் ஏறினேன்.

எங்கள் மருத்துவமனையில் வேலை செய்தவர்களுக்கு பரீனாவைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நோயாளிகளின் பரிசோதனை முடிவுகள் உள்ள தரவுத்தளத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். நான் ஆய்வுகூடத்தில் இருக்கிறேன்.

அவர் வந்த காலத்தில் தரவுத்தளத்தைத் திறக்க எங்கள் எல்லோருக்கும் ஒரே கணக்கு; கடவுச்சொல் மருத்துவமனையின் பெயர்தான். வாயிற்காவலருக்கும் அது தெரியும். நுரைச்சோலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கல்யாணம் பேசி முடித்திருந்தவள், இரத்தப் பரிசோதனைக்கு வந்தாள். முடிவு அவள் கைக்கு வரும் முன்பே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. கல்யாணம் நின்றது. யார் பார்த்துச் சொன்னார்கள் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அவளுடைய உம்மா பரீனாவின் மேசைக்கு முன்னால் நின்று, "எங்கட புள்ளட கதைய வெளிய செல்லினது யாரு?" என்று கேட்டார். பரீனா அழுதார்.

பிறகு பரீனா ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு போட்டார்; யார் யாருடைய முடிவைத் திறந்தார்கள் என்பது பதிவாகும். நீளமான கடவுச்சொல் வேண்டும். பெயரோ ஊரோ கூடாது. பழையதைத் திரும்பப் போட முடியாது. தொடர்ந்து பிழையாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். நாங்கள் சத்தம் போட்டோம். பெரிய டொக்டர் பரீனாவிடம், "எனக்கு மட்டும் பழசையே விடுங்க, மிஸ். நேரமில்ல" என்றார்.

"ஒங்களுக்கு விட்டா, அந்தப் புள்ளட உம்மாக்கு நான் என்ன செல்ல, சேர்?"

டொக்டர் உட்கார்ந்து புதியதை அடித்தார்.

கணக்கு அடிக்கடி பூட்டிக்கொண்டதால் மூத்த தாதி ஒருவர் கண் கலங்கி வந்தார். பரீனா விதியைத் தளர்த்தவில்லை. தாதியின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒங்களுக்கு மறக்காத நாலு சொல்லச் சேத்துப் போடுங்க. எனக்குச் செல்ல வாணாம்" என்று சொல்லிவிட்டு, அவர் அடித்து முடிக்கும்வரை யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் ஒருநாள், பரீனா பகல் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, தமக்குப் புற்றுநோய் என்று என்னிடம் சொன்னார்.

"எப்ப தெரியும், பரீனா?"

"நோன்புக்கு முந்தியே தெரியும். ரிப்போட் நம்மட சிஸ்டத்துலதான் ஈக்கிது. மகள்ட ஸ்கூல் சோதனை முடியட்டும் எண்டு இருந்தேன். நேத்து ராவு அவக்குச் செல்லிட்டேன்."

யார் வீட்டில் என்ன சண்டை என்பதுவரை கதைக்கிற இடம் எங்களுடையது. அங்கே இத்தனை மாதம் இந்தச் செய்தி வைத்தியம் பார்த்த டொக்டரைத் தாண்டவில்லை.

கற்பிட்டி வீட்டில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், உம்மா நோயப் பத்தி எனக்குச் செல்லக்குள்ள, ஒங்களுக்கெல்லாம் முதலே தெரியுமா?"

"இல்ல மகள். வைத்தியம் பார்த்த டொக்டரத் தவிர எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதல்ல சொன்னவ."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். பரீனா தளர்த்தாத விதியால்தான் அந்தப் பதிலை என்னால் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது. அவர் எனக்கு விட்டுப்போனது அதுதான்.