சபைக்குள்ள அரிசி

வெறும் மண்பானையின் அடியில் ஒரு பிடி அரிசி விழும்போது, ஓலைக்கூரையில் தூறல் தொடங்குவதுபோல ஒரு சத்தம் கேட்கும். பானை நிறைய நிறைய அது மங்கிக்கொண்டே வந்து, வாய்வரை நிறைந்துவிட்டால் அரிசி விழுந்ததா இல்லையா என்றே தெரியாது. எங்கள் வீட்டு அடுக்களையில் அடுப்புக்குப் பின்னால் இருந்த "பிடியரிசிப் பானை"யிலிருந்து அந்தச் சத்தம் அறவே கேட்காமல் போன ஒரு மழைக்காலம் உண்டு. வயிறு காய்ந்து கிடந்த நானும் என் தம்பியும் அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டே இருந்த காலம் அது.

பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகிற வழியில், பாதையை விட்டு இறங்கி நடந்தால் எங்கள் வீடு. வீட்டிலும் சபையிலும் தமிழ், கடையிலும் சர்க்கார் கச்சேரியிலும் மலையாளம் என்று பேசி வளர்ந்தோம், அதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் தமிழ் பேசுகிற தெற்குத் தாலுகாக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துத் தமிழ் ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஆட்கள் கொடி பிடித்து நடந்த வருஷங்களில், எந்தக் கடையில் எந்தப் பாஷையில் உப்பு கேட்பது என்றுகூட அம்மா யோசித்துப் பேசும்படி ஆயிற்று. என் அப்பா மாசிலாமணி வாழைக்குலை வாங்கிக் களியக்காவிளைச் சந்தையில் விற்கிறவர். மேடையேறிப் பேசத் தெரியாது. கூட்டம் என்று சொன்னால் குலையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, கொடிக்கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு கூட நடக்கிறவர், அவ்வளவுதான்.

பிடியரிசி என்பது எங்கள் சபையார் வீடுகளில் எல்லாம் இருந்த வழக்கம். உலையில் போட அளந்த அரிசியைக் கழுவுவதற்கு முன்னால் அதில் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். போடும்போது வீட்டிலுள்ள ஒருவருடைய பெயரைச் சொல்லிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்வாள் அம்மா. சனிக்கிழமை சபைப் பெண்கள் வந்து வாங்கிப்போய்ச் சபைக் கோயிலில் இருக்கிற மரப்பெட்டியில் கொட்டுவார்கள், உபதேசியாரின் வீட்டுக்கும் இல்லாதவர்களுக்கும் அதுதான் ஆதரவு. அந்தப் பானைக்குள் பிள்ளைகள் கைவிடக் கூடாது. விட்டால், "அது சபைக்குள்ள அரிசியாக்கும்" என்று அம்மா கையில் ஒரு அடி வைப்பாள்.

அந்த வருஷத்துப் புத்தாண்டு ஆராதனையில் உபதேசியார் ஒவ்வொரு வீட்டாருக்கும் வேதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்தம் வாசித்துக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது, போகிறதையும் வருகிறதையும் கர்த்தர் காத்துக்கொள்வார் என்ற கருத்துள்ள வாக்கு. சந்தைக்குப் போய்வருகிற அப்பாவுக்கு அளந்து தைத்த சட்டைபோல இருக்கிறது என்று சபையார் சொல்லிச் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார்.

பிறகு ஒரு காலையில் தெற்கே ஊர்வலம் என்று சொல்லிப் போனவர் வரவில்லை. சாயங்காலம் ஓடிவந்த ஆட்கள், போலீஸ் துப்பாக்கியால் வெடி வைத்துவிட்டார்கள், ஆட்கள் விழுந்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். விழுந்தவர்கள் யார் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. அப்பாவைக் கூட்டத்தின் முன்வரிசையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இல்லை, ஆற்றங்கரையோடு ஓடியதைப் பார்த்தேன் என்று இன்னொருவர் சொன்னார். அதற்குப் பிறகு பாதை அடங்கிப்போயிற்று. ஆள் கூடக் கூடாது என்று உத்தரவு வந்ததால் கோயிலைப் பூட்டினார்கள். உபதேசியாரின் மனைவி வீடு வீடாக வந்து, "பிடியரிசிய வீட்டுலயே வச்சிருங்கோ, கோயில் தெறந்த பெறவு வாங்கலாம்" என்று சொல்லிப் போனார். அன்றிலிருந்து பானையரிசியை வாங்கிப்போக ஆள் வரவில்லை, அம்மா போடுவதையும் நிறுத்தவில்லை.

அப்பா இல்லாத வீட்டுக்கு அரிசி எங்கிருந்து வரும்? பெரும்பாலும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குதான், அதுவும் வீட்டுத்தோட்டமான விளையில் பிடுங்கி முடியப்போகிற நேரம். என்றைக்காவது யாராவது கொஞ்சம் அரிசி கொடுத்தால் அம்மா கஞ்சி வைப்பாள். கஞ்சி வைக்கிற அரிசியிலும் ஒரு பிடியை எடுப்பாள். அவள் கை அரிசிக்குள் இறங்கும்போது, இன்றைக்கு மறந்துவிடக்கூடாதா என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். மறக்க மாட்டாள். அந்த நாட்களில் அவள் சொன்ன பெயர் ஒன்றே ஒன்றுதான், அப்பாவுடையது. "போனதக் கண்டோமே ஆண்டவரே, வரத்தக் காணல்லியே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அரிசியைச் சிந்தாமல் மற்ற அரிசியின்மேல் வைப்பாள்.

அம்மாவின் தம்பி தங்கையன் மாமா விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து, வயல் வரப்புகளோடு சுற்றி எங்களைப் பார்க்க வந்தார். என் தம்பி செல்லன் வெறும் கஞ்சித்தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாத்திரத்தை நக்கிக்கொண்டிருந்தான். மாமா பானையைத் திறந்து பார்த்தார்.

"அக்கா, இது நெறய அரிசி கெடக்கு. பிள்ள வயறு ஒட்டிப்போய் இருக்கான். கர்த்தருக்கா பசிக்குது?"

"அவருக்குப் பசி இல்லலே. எனக்குப் பயமுண்டு. இதுல கைய விட்டுட்டு, எனக்க மாப்பிள்ளைய எந்த மொகத்தோட அவர்ட்ட கேப்பேன்?"

"அப்ப நீ கர்த்தருக்குக் கைக்கூலி குடுக்குதியாக்கும். போலீஸ் ஏட்டுக்குக் குடுத்தாலும் ஒரு சேதி கெடைக்கும்."

அம்மா கோபப்படவில்லை. அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். "இல்லலே. குடுப்பேன்னு சொன்னதக் குடுக்கியேன். அவரு சொன்னத அவரு செய்வாரு. எப்பம்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

பிள்ளைகளையாவது என்னோடு அனுப்பு என்று மாமா கேட்டார். அப்பா வந்து பார்க்கும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது, பிள்ளைகள் இங்கேதான் நிற்க வேண்டும் என்று அம்மா மறுத்துவிட்டாள். மாமா தோளில் கொண்டுவந்த அரிசிப்பொட்டலத்தை எறிவதுபோல வைத்துவிட்டு, "நீயும் உனக்க பானையும்" என்று சொல்லிப் போனார். அந்தப் பொட்டலத்திலிருந்தும் அம்மா முதலில் ஒரு பிடி எடுத்தாள். எனக்கு அழுகை வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எனக்கு அம்மாமேல் கோபம், கர்த்தர்மேலும் கோபம்.

விளைகளிலும் பாறைக்கூட்டங்களிலும் ஒளிந்திருக்கிற ஆட்களுக்கு வீட்டுப் பெண்கள் சோறு கொண்டு கொடுக்கிறார்கள் என்று போலீசுக்குச் சேதி போயிருந்தது. ஒருநாள் மத்தியான உச்சைக்கு ஒரு ஏட்டும் போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் முற்றத்தில் வந்து நின்றார்கள். ஏட்டு என்றால் எங்களுக்குச் சர்க்காரே வந்தது மாதிரி. அம்மா எழுந்து தலையில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள், செல்லன் அவள் காலைக் கட்டிக்கொண்டான். வீட்டில் என்ன இருக்கிறது என்று ஏட்டு மலையாளத்தில் கேட்டார். கிழங்குதான் உண்டு ஏமானே, அரிசி இல்லை என்று அம்மா சொன்னாள். வேண்டுமென்று சொன்ன பொய் அல்ல. அந்தப் பானையிலுள்ளதை வீட்டு அரிசியாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை, அதனால் அவள் வாயில் அது வரவில்லை.

போலீஸ்காரர் ஒருவர் அடுப்புக்குப் பின்னாலிருந்து பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாய்வரை அரிசி. ஏட்டின் முகம் மாறிவிட்டது.

"அரி இல்லான்னல்லே பறஞ்ஞது? பின்னே இது ஆர்க்கா? ராஜ்யம் பிடிக்கான் போயவர்க்கா?"

"சபைக்குள்ளது ஏமானே."

"ஏது சபை? பள்ளி பூட்டிக் கிடக்குன்னு நாட்டுக்காரு எல்லாம் அறியும்." கோயிலைத்தான் அவர் பள்ளி என்றார்.

ஏட்டு கிழிந்த பாயை உதறி விரித்துப் பானையைக் கவிழ்த்தார், அடியில் கடுதாசியோ கொடியோ இருக்கும் என்று நினைத்திருப்பார். அரிசி மட்டும்தான் விழுந்தது. ஆனால் அது ஒரே அரிசியாக இல்லை. மேலே மாமா கொண்டுவந்த வெள்ளை அரிசி, அதன் கீழே யாரோ கொடுத்த குறுணை, அதற்கும் கீழே அப்பா இருந்த நாட்களில் வாங்கிய சிவந்த அரிசி, அடியில் கிடந்ததில் வண்டு விழுந்து மாவாகத் தொடங்கியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, வேறு வேறு நாட்களில் விழுந்த அரிசி என்று பார்த்தவுடன் தெரிந்தது.

ஏட்டு குத்தவைத்து உட்கார்ந்தார். அரிசியில் ஒரு கை அள்ளி, விரல்களை மடக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"பிடியரியாணோ?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

அம்மா தலையை ஆட்டினாள்.

"எங்ஙளுடெ வீட்டிலும் உண்டு. அம்ம இன்னும் இடும்" என்றார். அதியன்னூர்ப் பக்கத்தில் மலையாளத்தில் ஆராதனை நடக்கிற எங்கள் மிஷன் சபையைச் சேர்ந்தவர் அவர் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அரிசியை அவரே பாயோடு குவித்துப் பானையில் திரும்பப் போட்டார். ஒரு மணியைக்கூட விடாமல் பொறுக்கினார், மற்ற இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எழுந்து நின்றவர் போகவில்லை. உன் மாப்பிள்ளைக்கு வலது புருவத்தில் ஒரு வடு உண்டோ என்று கேட்டார்.

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அந்த விரல்கள் இறுகியது இன்றும் தோளில் தெரிகிறது. உண்டு என்று சொன்னால், கூட்டத்தில் நின்ற ஆள் இன்னார் என்று அவளே பிடித்துக்கொடுத்ததாக ஆகலாம். இல்லை என்று சொன்னால், ஏட்டு என்ன சேதி வைத்திருக்கிறாரோ அது அவரோடு திரும்பிப் போய்விடும். உயிரோடு இருக்கிற ஆளைப் பற்றிக் கேட்கிறாரா, அடையாளம் தெரியாமல் கிடக்கிற உடலைப் பற்றிக் கேட்கிறாரா என்பதும் தெரியாது. அம்மா பானையைப் பார்த்தாள்.

"உண்டு" என்றாள். குரல் நடுங்கியது.

"ஆளு ஜீவனோட உண்டு" என்றார் ஏட்டு. "ஆசுபத்திரியில. காலில வெடி கொண்டது. வீடு எவிடயான்னு கேட்டா வாய் தொறக்கில்ல."

எங்களைத் தேடிப் போலீஸ் வந்துவிடுமோ என்று பயந்து, அங்கே அப்பா ஊர்ப்பெயரைச் சொல்லாமல் கிடந்திருக்கிறார். அவருக்காக இங்கே நாங்கள் பயந்துகொண்டிருந்தோம்.

சேதி கிடைத்ததோடு பயம் தீர்ந்தது என்று எழுதினால் அது பொய். அம்மாவுக்கு அதன்பிறகுதான் உண்மையான வேதனை. தான் சொன்ன ஒரு சொல்லால் அவருக்கு என்ன வந்ததோ என்று கிழங்கு நறுக்கும்போதும் நின்றுவிடுவாள். ஆசுபத்திரிக்குப் போனாள், காவல் இருக்கிறது, பார்க்க விடமாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். காயம் ஆறியதும் லாக்கப்புக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டோம். கோயில் திறந்தது. பானையைத் தலையில் வைத்துக்கொண்டுபோய், வண்டு விழுந்ததைப் புடைத்து மாற்றிவிட்டு, நல்லதை மரப்பெட்டியில் கொட்டினாள். மறுநாள் வெறும்பானையில் பிடியரிசி விழுந்த சத்தம் கேட்டு நான் திடுக்கிட்டேன், அவ்வளவு நாளாகக் கேட்காத சத்தம். மழையும் நின்று, வெயில் வந்து, விளையில் புதுக்கிழங்கு நட்டு, அதற்கும் பிறகுதான் ஒரு உச்சை நேரத்தில் கம்பு ஊன்றிக்கொண்டு அப்பா முற்றத்தில் வந்து நின்றார். அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. அடுக்களை வாசலில் நின்றபடியே, "கஞ்சி குடிச்சியளா?" என்று கேட்டாள்.

கேட்ட ராஜ்யம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. எல்லை வரைந்தபோது விளவங்கோடும் மற்ற தாலுகாக்களும் அந்தப் பக்கம் போயின, எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா இந்தப் பக்கமே நின்றது. மாமா தமிழ்நாட்டுக்காரர் ஆனார், நாங்கள் கேரளக்காரர் ஆனோம். அப்பா அன்று சாயங்கால ஜெபத்தில் சொன்னார், "நாங்க கேட்டது ஒண்ணு, நீரு சொன்னது ஒண்ணு. சொன்னதச் செய்தீரு." காலைத் தடவிக்கொண்டுதான் சொன்னார்.

கைக்கூலி என்று மாமா சொன்ன சொல்லை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். அம்மா பானையில் கைவைத்துக் கஞ்சி வைத்திருந்தால் அப்பா வந்திருக்க மாட்டாரா? வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், கர்த்தர் அரிசிக்குக் கணக்குப் பார்க்கிறவர் அல்ல. ஆனால் பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்த அம்மாவுக்குச் செய்வதற்கு என்று ஒரு காரியம் இருந்தது. அதைச் செய்துகொண்டு காத்திருந்தாள்.

இன்று எங்கள் சபையில் பிடியரிசி இல்லை, எல்லாவற்றுக்கும் காணிக்கைக் கவர் வந்துவிட்டது. மரப்பெட்டி எங்கே போயிற்று என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்கள் முன்வரிசைப் பெஞ்சுகளிலேயே அடங்கிவிடுகிறோம். மண்பானை என் கல்யாணத்துக்கு முன்பே உடைந்துபோனது, இப்போது என்னிடம் ஒரு சில்வர் டப்பாதான் உண்டு.

இதை எழுதுகிற நேரத்தில் என் இளைய மகன் திருவனந்தபுரத்தில் ஆசுபத்திரியில் இருக்கிறான். வயிற்றிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு தெரிந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னான். காலையில் அரிசி அளந்தபோது ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டேன். "அம்மா, இத இப்ப ஆரு வந்து வாங்குவா?" என்று மருமகள் கேட்டாள். வாங்க ஆள் வராத ஒரு காலத்திலும் போட்டதுண்டு மக்கா என்று மட்டும் சொன்னேன். சில்வரில் விழுந்த அரிசி பெரிய சத்தம் போட்டது. மகனுடைய பெயரைச் சொன்னேன், குரல் நடுங்கியது. அன்று என் அம்மாவுக்கும் நடுங்கியது, பக்கத்தில் நின்று கேட்டவள் நான். போன் இன்னும் அடிக்கவில்லை.