ஒரு பாட்டுக்குள் குணமான கதாநாயகனும் என் கணவரும்

மருத்துவமனை வராந்தாவில், மனநலப் பிரிவின் கதவுக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் கணவர் கோவிந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகியது. பக்கத்திலிருந்த அம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"அந்தப் போதைப் படம் பாத்தியாமா? அந்தப் புள்ளையும் இப்டித்தான் நடுங்கினு இருப்பான். கடசில நல்லாயிடுவான், கவலப்படாத."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ எழுந்துபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் படத்தால்தான் நாங்கள் மறுபடியும் அந்த பெஞ்சுக்கு வந்திருந்தோம்.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு, ஊராரின் திரை விமர்சனத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கோவிந்தன் வெள்ளிமலைக்காரர். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் லோடு வண்டி ஓட்டுகிறார். எனக்குத் தியாகதுருகம். கல்யாணமானதிலிருந்து கள்ளக்குறிச்சியில் குடியிருக்கிறோம். ஒருநாள் மூட்டைக்குத் தோள் கொடுத்தபோது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கூட வேலை செய்தவர் ஒரு வலி மாத்திரையைக் கொடுத்தார். வலி போய்விட்டது. மாத்திரை போகவில்லை.

நான் முதலில் கவனித்தது அவருடைய தூக்கத்தைத்தான். சோறு வாயில் இருக்கும்போதே தலை சாயும். மலைப்பாதை அலைச்சல் என்று நினைத்து, பாவம், இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டீயரிங்கில் தலை வைத்துக் கிடந்தவரை, எதிரே வந்த பஸ் டிரைவர் தட்டி எழுப்பி வீட்டுக்குக் கூட்டிவந்தார். அதற்குப் பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டரம்மா அதற்கு ஓபியாய்டு சார்புநிலை என்று பெயர் சொன்னார் (அபினைப் போல வேலை செய்யும் மருந்துகளுக்கு மூளையும் உடம்பும் பழகி, அவை இல்லாமல் இயங்க முடியாமல் போவது). பூப்ரெனார்ஃபின் கொடுத்தார் (அந்த ஏக்கத்தைத் தணித்து உடம்பை நிதானத்தில் வைத்திருக்கும் மாத்திரை, டாக்டர் சொன்ன அளவில் மட்டுமே எடுக்க வேண்டும்). அதை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். கரைந்து முடியும்வரை பேசக்கூடாது, எச்சிலை விழுங்கக்கூடாது, ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது.

எங்கள் வீட்டில் காலை பதினோரு மணி என்றால் அதுதான். வாசலில் யார் வந்து நின்றாலும் அவர் கையை உயர்த்திக் காட்டுவார். வந்தவர் காத்திருப்பார். இப்படியே மாதங்கள் போயின. முகம் தெளிந்தது. டாக்டரம்மா அனுமதித்த பிறகு மறுபடியும் வண்டி எடுத்தார். சோறு சாப்பிடும்போது என்னைப் பார்த்துப் பேசினார். பெரிய விஷயமாக எழுதுவதற்கு ஒன்றுமில்லாத நாட்கள்தான். எனக்கு அவை போதுமாயிருந்தன.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது.

கதாநாயகன் போதைக்கு அடிமையாகிறான். அம்மா அவனை அறையில் வைத்துப் பூட்டுகிறாள். ஒரு ராத்திரி முழுக்கக் கத்துகிறான். விடிகிறது, ஜன்னலில் வெயில் வருகிறது, எழுந்து குளித்துவிட்டு மாத்திரைகளை ஆற்றில் வீசுகிறான். அவ்வளவுதான், குணமாகிவிட்டான். தியேட்டரில் விசில் பறந்ததாம்.

நான் ஆவண எழுத்தர் ஒருவரிடம் டைப்பிங் வேலை பார்க்கிறேன். பத்திரப்பதிவுக்குக் காத்திருப்பவர்களுக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. முதல் பாதி இழுவை என்றார் ஒருவர். அம்மா நடிப்புக்கு அவார்டு தரலாம் என்றார் இன்னொருவர். எங்கள் கதை தெரிந்த ஒரு பெண், "உங்க வூட்டுக்காரரு தாலிய கீலிய அடகு வைக்கலியா? படத்துல வைக்கிறானே" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் இவருக்குக் கம்மிதான் என்று அவளே முடிவுசெய்துகொண்டாள். தாலியை அடகு வைக்காததற்கு என் கணவர் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

இதையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பேன். என் அண்ணன் சேகரைத்தான் விட முடியவில்லை. அவர் படத்தை மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் அழுதார். வெள்ளிமலை பஸ் நிற்கும் இடத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார். ஒரு பக்கம் படத்தின் கதாநாயகன், மறுபக்கம் எங்கள் கல்யாண போட்டோவிலிருந்து என்னை வெட்டிவிட்டு எடுத்த கோவிந்தன். நடுவில், 'போதையை வென்ற எங்கள் நிஜ நாயகனே!'

அண்ணனுக்கு மாப்பிள்ளைமேல் உண்மையான பாசம். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. கெட்ட எண்ணமாக இருந்தால் நன்றாகத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

வெள்ளிமலைத் திருவிழாவில் திரை கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். கோவிந்தனை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். எனக்கு லீவு இல்லாததால் நான் போகவில்லை. "இப்ப ஒண்ணுமே எடுக்கறதில்ல, இல்லீங்களா?" என்று மைக்கில் கேட்டிருக்கிறார்கள். அத்தனை பேருக்கு முன்னால் இவர் என்ன சொல்வார்? எதுவும் இல்லை என்றிருக்கிறார். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு அவரால் மாத்திரையை வாயில் வைக்க முடியவில்லை. எனக்கும் சொல்லவில்லை. மலையில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று அங்கேயே தங்கிவிட்டார்.

போன் செய்தது மாமியார்தான். "உங்க அண்ணன் இவன உள்ள வச்சிப் பூட்டிட்டு வாசல்ல ஒக்காந்துகினு இருக்காரு. எனக்கு பயமா இருக்குது, நீ வா."

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் மெதுவாக ஓட்டிய டிரைவரை வைது தீர்த்தேன், மனசுக்குள்தான். இறங்கியதும் ஃப்ளெக்ஸில் என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் கதவு பூட்டியிருந்தது. உள்ளே வாந்தி எடுக்கும் சத்தம்.

"இன்னைக்கி ஒரு ராத்திரிதான் அமுதா. விடிஞ்சா சரியாயிடும். படத்துல பாக்கல நீ?" என்றார் அண்ணன். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"சாவியக் குடு" என்றேன். அவரிடம் அதற்குமுன் நான் அப்படிப் பேசியதில்லை.

உள்ளே கோவிந்தனுக்கு இருந்தவை விலகல் அறிகுறிகள் (பழகிய மருந்து திடீரென்று நின்றால் வரும் நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்பு முழுக்க வலி). அவரைத் தூக்கி உட்காரவைத்தபோது என் காதருகே மெதுவாகச் சொன்னார். "நல்லவேள நீ வந்த. கதவத் தொறந்தா மாத்திர குடுத்த பழைய ஆளப் போயிப் பாக்கலாம்னு இருந்தேன்."

அந்த வாக்கியத்தின் அர்த்தம் மறுநாள் டாக்டரம்மா சொல்லித்தான் முழுதாகப் புரிந்தது. எங்களுடன் வந்திருந்த அண்ணனையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நிறுத்திய உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி போய்விடும், அதே பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம் என்றார். வென்றுவிட்டதாக எல்லோரும் நம்பும் நேரத்தில்தான் நிறையப் பேரை இழக்கிறோம் என்றார். பிறகு அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"சக்கரைக்கு மாத்திரை போடறவரு அத நிறுத்திட்டா, ஜெயிச்சிட்டாருன்னு பேனர் வைப்பீங்களா சார்?"

கோவிந்தன் பழைய ஆளைத் தேடிப் போயிருந்தால், அந்த ஃப்ளெக்ஸிலிருந்த அதே போட்டோவைத்தான் கண்ணீர் அஞ்சலிக்கும் போட்டிருப்பார்கள்.

மாத்திரையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். அண்ணனே மலைக்குப் போய் ஃப்ளெக்ஸை அவிழ்த்தார். மாமியார் இப்போது அதன்மேல் சாமை காயவைக்கிறார்.

பொங்கலுக்கு அந்தப் படத்தைச் சிறப்புத் திரைப்படமாக டிவியில் போட்டார்கள். அணைத்துவிடலாம் என்று ரிமோட்டைத் தேடினேன். ஓடட்டும், பார்க்கலாம் என்றார் கோவிந்தன். அண்ணனும் வந்திருந்தார். அறையைப் பூட்டும் காட்சி வந்தபோது மணி பதினொன்று. மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார்.

கதாநாயகன் கத்தினான், சுவரில் மோதினான். பாட்டு ஓடியது. விடிந்தது. ஜன்னலில் வெயில். குளித்தான், ஆற்றங்கரைக்குப் போனான், வீசினான். பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது. அண்ணன் ஏதோ கேட்க வாயெடுத்தார். கோவிந்தன் கையை உயர்த்திக் காட்டினார். அண்ணன் வாயை மூடிக்கொண்டார். சோப்பு, அரிசி, நகைக்கடை என்று விளம்பரங்கள் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் மூன்று பேரும் அவர் வாய்க்குள் கரைந்துகொண்டிருந்த அந்தச் சின்ன மாத்திரைக்காகக் காத்திருந்தோம். முன்பெல்லாம் நேரம் என்றால் எனக்கு மாதம், வருஷம். இப்போது இதுதான்.

கடைசியில் கையைக் கீழே இறக்கினார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"எப்டி மாப்ள படம்?" என்றார் அண்ணன், தயங்கித் தயங்கி.

"பாட்டு நல்லாத்தான் இருக்குது மச்சான்" என்றார் கோவிந்தன். "அவன் முழுசா நல்லாயிட்டான். நான் இப்பத்தான் இன்னைக்கி மாத்திரைய முடிச்சிருக்கேன்."

நான் மாத்திரை அட்டையை மடித்து அலமாரியில் வைத்தேன். நாளைக்கானது அதில் இருந்தது.