கூழில் கலந்த டின் பால்

சிம்பாங் பூலாயில் பள்ளி பஸ் ஓட்டும் கனகராஜுக்குத் தெரியாத வைத்தியம் உலகத்தில் கிடையாது. படித்தது பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை; மீதியெல்லாம் கைப்பேசி. சர்க்கரை வியாதி வந்தால் மற்றவர்கள் வாயைக் கட்டுவார்கள். இவன் வாயைத் திறந்தான்.

ரப்பர் தோட்டமாக இருந்து, வரிசை வீடுகள் எழுந்து தாமானாகிவிட்ட அவன் குடியிருப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தினமும் காலையில் அதில் அவன் குரல்தான்.

"அண்ணே, அக்கா, எல்லாரும் கேளுங்க. கேப்பை மாவ கரைச்சு ராத்திரி முழுக்க புளிக்க வைங்க. காலையில கூழு காய்ச்சிக் குடிங்க. புளிச்சாத்தான் அதுல உள்ள இரும்புச் சத்து ஒடம்புல நல்லா ஒட்டும் லா!"

சொன்னதில் பிழையில்லை. எரிச்சலே அதுதான்.

அவன் மனைவி துளசி கையுறைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நிற்பவள். ரத்தம் போதாமல் படியேறினாலே மூச்சு வாங்கும். புருஷன் பேச்சைக் கேட்டு அவள்தான் தினமும் கூழ் காய்ச்சினாள். உப்பும் மோரும் விட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தாள். கனகராஜுக்கு முதல் வாய்க்கே முகம் கோணியது. 'சூசு' என்று அவர்கள் சொல்லும் கெட்டிப்பால் டின்னை எடுத்து மூன்று கரண்டி ஊற்றிக்கொண்டான்.

"சத்து புளிப்புல இருக்கு. சூசு அத என்னா பண்ணும்?" என்றான். ஊருக்குத்தானே உபதேசம்!

அந்த மாதம் பஸ் லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டும். சர்க்கரை இறங்கினால்தான் டாக்டர் மருத்துவச் சான்றுப் பாரத்தில் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் இருபத்தொரு வருடம் பிடித்த ஸ்டீரிங்கை விட வேண்டியதுதான். அந்தப் பயத்துக்கும் சேர்த்து இன்னொரு டம்ளர் குடித்தான், பாலோடு.

கிளினிக்கில் டாக்டர் மாதுமை முதலில் துளசியின் தாளைப் பார்த்தார்.

"ரத்தம் நல்லா ஏறியிருக்கே ஆன்ட்டி. மாத்திரையோட வேற என்ன சாப்பிட்டீங்க?"

"புளிச்ச கேப்பைக் கூழு டாக்டர். இவருதான் குரூப்புல சொன்னாரு."

கனகராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். டாக்டர் அடுத்த தாளை எடுத்தார்.

"அங்கிளுக்குப் போன தடவைய விடக் கூடியிருக்கு. நீங்களும் அதே கூழ்தான் குடிச்சீங்களா?"

"அதேதான். ஒரு நாள் விட்டதில்ல."

அவன் பேசும்போது குறுக்கே பேசாதவள் துளசி. அன்று பேசினாள்.

"டம்ளருக்கு மூணு கரண்டி சூசு டாக்டர். வாரத்துக்கு ரெண்டு டின்."

பாரம் கையெழுத்தில்லாமல் திரும்பியது. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார் டாக்டர்.

மறுநாள் காலை குழுவில் பதினான்கு பேர் கேட்டிருந்தார்கள்: "அண்ணே, ரிசல்ட் என்னாச்சு?" அவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். வாசலில் ஹார்ன் கேட்டது. அவனுடைய பஸ்தான், வேறொருவன் ஓட்டிக்கொண்டு போனான். பின் கண்ணாடியில் பிள்ளைகள் கையாட்டினார்கள்.

துளசி டம்ளரையும் வெங்காயத்தையும் முன்னால் வைத்தாள். ஒரு வாய் குடித்தான். கண்ணில் நீர் முட்டியது.

"புளிக்குது லா," என்றான்.

"புளிச்சாத்தான் ஒட்டும்னு நீங்கதானே சொன்னீங்க. குடிங்க."