தவளைத் தொட்டியில் வெங்காயம்

போன சித்திரை விடுமுறையில் நடந்தது இது. கட்டாரில் வேலை செய்கிற நான் லீவில் திருகோணமலைக்கு வந்திருந்தேன். மனைவி, பதினொரு வயது மகள், நான் என்று மூன்று பேரும் ஒன்றாகப் பயணம் போய் வருஷக்கணக்காகிவிட்டதே என்று நுவரெலியாவுக்குப் போகத் திட்டம் போட்டோம். வேன் பேசியாயிற்று, அறையும் எடுத்தாயிற்று. எல்லாம் முடிந்த பிறகுதான் மகள் கேட்டாள்.

"அப்ப தவளையளை ஆர் பாக்கிறது?"

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான்.

அந்தத் தவளைகள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின லீவில் நல்ல மழைக்காலம். தம்பலகாமத்தில் மனைவியின் மாமாவுடைய வயலுக்குப் போயிருந்தோம். வாய்க்காலில் கிடந்த வால்பேத்தைகளை நானும் மகளும் முழங்காலளவு சேற்றில் நின்று ஒரு போத்தலில் பிடித்தோம். இரண்டு நாளில் செத்துவிடும், அதோடு இவளுடைய ஆசையும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். நான் திரும்பக் கட்டாருக்குப் போன பிறகும் அவை சாகவில்லை. பின்கால் வந்தது, முன்கால் வந்தது. கடைசியில் கண்ணாடித் தொட்டியில் மூன்று தவளைகள் மிஞ்சின. ஒன்று கப்டன், ஒன்று டீச்சர். எல்லாவற்றுக்கும் பிந்தி வாலை உதிர்த்த குட்டிக்கு 'பிந்தி' என்று பெயர் வைத்தாள்.

வெளிநாட்டில் இருக்கிற தகப்பன்மாருக்கு நான் சொல்வது விளங்கும். பிள்ளையோடு தொலைபேசியில் எதைக் கதைப்பது? "சாப்பிட்டியா?" "ஓம்." "படிச்சியா?" "ஓம்." அவ்வளவோடு கதை முடிந்துவிடும். பிறகு இரண்டு பேரும் திரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்போம். தவளைகள் வந்த பிறகு அப்படி இல்லை. தொட்டிக்கு முன்னால் தொலைபேசியை வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் கதைப்பாள். பிந்தி இன்றைக்கு என்ன செய்தது, கப்டன் டீச்சருடைய தலையில் ஏறி இருந்தது என்று ஓயாது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூன்று தவளைகளும் இல்லாவிட்டால் என் மகளுக்கு நான் யாரோ ஒரு மாமாவாகியிருப்பேன்.

ஆனபடியால் தவளைகளுக்கு ஆள் தேட வெளிக்கிட்டேன். பக்கத்து வீட்டில் பூனை. மனைவியின் தங்கைக்குத் தவளை என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பு கூசும். டவுனில் மீன் தொட்டிகள் விற்கிற கடைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "அண்ணை, தவளையைப் பாக்கச் சொல்லிக் கடைக்கு வந்த முதல் ஆள் நீங்கள்தான்" என்று அவர் சிரித்த சிரிப்பில் கடையில் நின்ற எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நீங்களும் அம்மாவும் போங்கோ, நான் நிக்கிறன்" என்றாள்.

கடைசியில் என் அக்காதான் கைகொடுத்தா. எங்கள் அம்மா இறந்த பிறகு எங்களை ஆளாக்கினது அக்காதான். வாய் கொஞ்சம் பெரிது, மனமும் அப்படியே பெரிது என்று ஊரெல்லாம் சொல்லும். "உதென்ன பெரிய வேலையே? கொண்டுவந்து வை தம்பி, நான் பாக்கிறன்" என்றா. அவவுடைய வீடு உள்துறைமுகத்தின் கரையோடு இருக்கிறது. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் கடல். மதிலடியில் நின்றால் நங்கூரம் போட்ட கப்பல்கள் தெரியும்.

மகள் அன்றைக்குத் தன் மாமிக்குப் பாடம் எடுத்தாள். கோழிக்குஞ்சுத் தீனிக்குப் பிடிக்கிற மாதிரி தேங்காய்ப் பொச்சு மட்டையில் கறையான் பிடித்து, சின்னக் கரப்பான் சிலதும் சேர்த்து ஒரு டப்பாவில் கொண்டுபோயிருந்தாள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் போத்தல்களில் நிரப்பி வைத்தாள். குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்கிறது, அது ஆகாது என்றாள். பிறகு முக்கியமாக ஒன்று சொன்னாள்.

"மாமி, கருவாடு தொட்ட கையால அவையைத் தொட்டுப்போடாதேங்கோ. உப்புப் பட்டா அவைக்குத் தோல் எரியும். செத்துப்போவினம்."

"ஓம் ஓம், எனக்குத் தெரியாதே?" என்றா அக்கா, தொலைக்காட்சியைப் பார்த்தபடி. நான் மகளின் தலையைத் தடவி, "மாமி என்னையே வளர்த்தவா. உன்ர தவளைக்கு ஒண்டும் வராது, நான் பொறுப்பு" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் வேனில் ஏறினாள்.

நுவரெலியாவில் நல்ல குளிர். மகள் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்வெட்டர் போட்டாள். அக்கா ஒவ்வொரு நாளும் காலையில் தவளைகளின் படம் ஒன்று அனுப்புவா. மகள் அதைப் பார்த்த பிறகுதான் தேத்தண்ணீர் குடிப்பாள். ஒருநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்பா, நேற்று நிண்ட கரப்பான் இண்டைக்கும் அதே கல்லில நிக்குது" என்றாள்.

"அதுக்கும் பிடிச்ச இடம் எண்டு ஒண்டு இருக்காதா?" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள்.

திரும்பி வருகிற அன்று ஒரு ஓடையோரம் வேனை நிறுத்தச் சொல்லி, கல்லில் படர்ந்திருந்த பச்சைப் பாசியை உரித்துத் தன் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். தொட்டிக்குள் விரிக்கவாம். பாசி காய்ந்துவிடக்கூடாது என்று வழி முழுக்க மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே அக்கா வீட்டு வாசலில் வேனை நிறுத்தினோம்.

மகள்தான் முதலில் உள்ளே ஓடினாள். விறாந்தையில் வைத்த இடத்தில் தொட்டி இல்லை. குசினி வாசலில் போய் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் போய்ப் பார்த்தேன். கண்ணாடித் தொட்டி கழுவித் துடைத்து அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குள் வெங்காயமும் உள்ளியும் கிடந்தன.

"மாமி, அவை எங்கே?"

"விட்டிட்டன் பிள்ளை. பாவம் தானே, அடைச்சு வைக்கக்கூடாது" என்றா அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் போன அடுத்த நாளே டெங்கு பாக்கிற ஆக்கள் எங்கட ஒழுங்கைக்கு வருகினம் எண்டு கதை வந்திட்டுது தம்பி. வீட்டுக்குள்ள தண்ணி தேங்கி நிண்டா வழக்குப் போடுவினமாம். நான் கோட்டுப்படி ஏறவே? பிள்ளை பயணத்தில அழக்கூடாது எண்டுதான் முதல்நாள் எடுத்த படங்களை ஒண்டொண்டா அனுப்பினனான்" என்றா.

"எங்க விட்டனீங்கள் மாமி?"

அக்கா குசினி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினா. "உதில, மதிலுக்கு அங்கால. எவ்வளவு பெரிய தண்ணி! தொட்டிக்குள்ள கிடந்ததுகளுக்கு அது சொர்க்கமெல்லே."

மகள் பின்பக்கம் போனாள். மதிலடியில் கிடந்த கல்லில் ஏறி நின்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கீழே கடல் அமைதியாகக் கிடந்தது. அவள் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "உப்பு, அப்பா" என்று மட்டும் சொன்னாள். பாசிப் பெட்டியை மதிலில் வைத்துவிட்டு வேனுக்குப் போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் எல்லாம் தண்ணீர்தானாம். பிள்ளை வாய் நோகச் சொன்னதில் ஒரு சொல்கூடக் காதில் ஏறவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அக்காவைப் பார்த்துக் கத்தினேன். பயமென்றால் ஒரு வாளியில் போட்டுப் பக்கத்து வளவுக் கிணற்றடியில் விட்டிருக்கலாமே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரையாவது அனுப்பியிருப்பேனே, படம் அனுப்பி ஏமாற்றுகிற அளவுக்கு அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன செய்தது என்று கேட்டேன். அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தவளைக்காக என்னை ஏசிறான்" என்று அழத் தொடங்கினா. டெங்கு பார்க்கிறவர்கள் அந்த ஒழுங்கைப் பக்கம் வரவே இல்லை என்று பிறகு அத்தான் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த நாளிலிருந்து குற்றவாளி நானாகிவிட்டேன். பெரியம்மா வந்தா, சித்தப்பா வந்தார், மூதூரிலிருந்து மச்சான் தொலைபேசி எடுத்தார். எல்லோரும் ஒரே பாட்டுத்தான். "தவளைதானே? அதுக்குப் போய் வளர்த்த அக்காவை அழ வைக்கிறதே?" தவளைகளைப் பற்றியோ மகளைப் பற்றியோ ஒருவராவது ஒரு சொல் கேட்கவில்லை. மகள் அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

லீவு முடிந்தது. எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவன் அதற்கு முன் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விமானம் ஏறினால் உறவே வேண்டாம் என்று அர்த்தம். அக்காவுக்கு மட்டும் சொல்லாமல் போய்விடுவது என்றுதான் இருந்தேன். "நீங்கள் போயிடுவீங்கள். இஞ்ச இந்தச் சனத்தோட இருக்கப்போறது நானும் பிள்ளையும்தான்" என்றாள் மனைவி. அதனால் அக்கா வீட்டுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கா ஒன்றுமே நடக்காத மாதிரி வரவேற்றா. கதிரையை இழுத்துப் போட்டா. தேத்தண்ணீர் வந்தது, பயற்றம் பணியாரம் வந்தது. மகள் மதிலில் விட்டுப்போன சாப்பாட்டுப் பெட்டியையும் கொண்டுவந்தா. பெட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அதையும் கழுவிப் பணியாரத்தால் நிரப்பி வைத்திருந்தா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கோபமே தம்பி?" என்று கேட்டா.

குனிந்து பார்த்தேன். அக்காவின் விரல்கள் நோய் வந்து வளைந்திருந்தன. சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டின விரல்கள். பக்கத்துக் கதிரையில் மகள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தபடி இருந்தாள்.

"பரவாயில்லை அக்கா" என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அக்காவின் முகம் மலர்ந்தது. "பார் பிள்ளை, அப்பாவே பரவாயில்லை எண்டிட்டார்" என்று மகளின் கன்னத்தைத் தட்டினா. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெட்டியைத் திறக்காமலே குசினி மேசையில் வைத்தாள். நான் விமானம் ஏறும்வரை அது அங்கேயே கிடந்தது.

இப்போது நாங்கள் மறுபடியும் "சாப்பிட்டியா", "ஓம்" என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். வேறு வால்பேத்தை பிடித்துத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், வேண்டாம் என்றுவிட்டாள். தொட்டியை அக்காவே வைத்திருக்கட்டுமாம்.

இந்தச் சித்திரைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. முன்பெல்லாம் இப்படிச் சொன்னால் தொலைபேசியை எறிந்துவிட்டு அழுவாள், இரண்டு நாளைக்குக் கதைக்க மாட்டாள். இந்த முறையும் அதற்குப் பயந்து பயந்துதான் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"பரவாயில்லை அப்பா" என்றாள்.

அக்காவை நான் மன்னித்துவிட்டதாக ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், இருக்கட்டும். மகள் அழுது அடம்பிடித்து என்னோடு சண்டை போடுகிற ஒருநாள் வராதா என்றுதான் ஒவ்வொரு தடவையும் தொலைபேசியை எடுக்கிறேன்.